சாலம்மாள் காட்டாத இடம்

பனமரத்துப்பட்டி
9.6.2024

அன்புள்ள நங்கைக்கு,

தீபிகா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அத்தையின் இடது முழங்கால் மட்டும் மழையை ஒரு நாள் முன்பாகவே அறிவித்துவிடுகிறது. நேற்று அது சொன்னபடியே மாலையில் நல்ல மழை. உங்கள் தம்பி விடிந்ததும் சேகோ ஆலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். அவ்வளவு வேலையிலும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனின் போர்வெல் ரிக் வண்டி மழைக்கு முன்னால் காட்டை விட்டு வெளியே வந்துவிட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களிடம் பேசும்போதெல்லாம் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அப்புறம் பேச்சு மழை, உடம்பு, சமையல் என்று முடிந்துவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு வேண்டியது போனில் வராது, தாளில்தான் வரும்.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது கடைசி ஆண்டில் காளான்களைப் பற்றி ஆய்வு செய்தேன். படிப்பு முடிந்தது, அந்தப் பழக்கம் முடியவில்லை. கண்ணில் படும் காளான், பூஞ்சை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது; கேலி செய்வார்கள் என்று பயமில்லை, எனக்கே எனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்றுதான். உங்களிடம் ஒரு உதவி. அங்கே குடைக்காளான் ஏதாவது பார்த்தால், காம்பை நறுக்கிவிட்டு, குடையை ஒரு தாள் மேல் கவிழ்த்து, அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்தால் அதன் விதைத்தூள் தாளில் கோலம் போட்டதுபோல விழுந்திருக்கும். கறுப்பு, இளஞ்சிவப்பு, துரு நிறம் என்று ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறம். அந்தத் தாளை மடித்து எனக்கு அனுப்ப வேண்டும். சமைக்க வேண்டாம், தொட்டபின் கை கழுவினால் போதும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, உங்கள் பெரியம்மா சொன்னது நினைவிருக்கிறதா? "நகை நட்டெல்லாம் அப்புறம். காளான் பூக்கற எடத்தை மாமியா என்னிக்குக் காட்டறாளோ, அன்னிக்குத்தான் எங்கூட்டுல மருமக ஊட்டுக்காரி." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வருவது மூன்றாவது ஆடி. அத்தை இன்னும் எனக்கு அந்த இடத்தைக் காட்டவில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தீபிகா


ஜகதல்பூர்
24.6.2024

அன்பான அம்மிணிக்கு,

உன் நங்கை கலைமணி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நால்வரும் நன்றாக இருக்கிறோம். ரிக் வண்டி சேற்றில் மாட்டி, இரண்டு நாள் கழித்து டிராக்டர் வைத்து இழுத்தார்கள். உன் அண்ணன் அன்றிலிருந்து மழையைத் திட்டுகிறார். நான் பேனா பிடித்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். இரண்டு வரி எழுதுவதற்குள் விரல் கடுக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

நீ கேட்ட நேரம் நல்ல நேரம். இங்கே முதல் மழை விழுந்ததும் காட்டுப் பெண்கள் கூடை கூடையாக ஒன்றைக் கொண்டு வந்து விற்கிறார்கள். பார்த்தால் கூழாங்கல். உருண்டையாக, மண் ஒட்டிக்கொண்டு. முதல் வருஷம் யாரோ கல்லை விற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அதுவும் காளானாம், சால மரத்தடியில் மட்டும் மண்ணுக்குள் விளையுமாம். உள்ளே வெள்ளையாக இருந்தால் குழம்பு வைக்கலாம், கறுத்துவிட்டால் ஆகாது. ஆட்டுக்கறியைவிட விலை. கடித்தால் நறுக்கென்கிறது. வேறு மரத்தடியில் ஏன் வருவதில்லை என்று கேட்டால் விற்கிறவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். நீ சொல்.

பின்வாசல் விறகுக் கட்டையில் ஒரு காளான் முளைத்திருந்தது. நீ சொன்னபடி டம்ளரைக் கவிழ்த்தேன். காலையில் திறந்தால், அம்மிணி, யாரோ பென்சிலைச் சீவிச் சீவி வரைந்த மாதிரி இருந்தது. பெரியவள் அதைத் தொட்டுக் கொஞ்சம் அழித்துவிட்டாள். மிச்சத்தை அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவை நடக்க விடாதே, முழங்காலுக்கு எண்ணெய் போட்டுவிடு. தம்பிக்குச் சோற்றைக் குறை.

கலைமணி


பனமரத்துப்பட்டி
14.7.2024

அன்புள்ள நங்கைக்கு,

இங்கு எல்லோரும் நலம். சோற்றைக் குறைத்தேன், உங்கள் தம்பி பலகாரத்தைக் கூட்டிக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தாயிற்றா, சளி இருமல் ஒன்றும் இல்லையே?

நீங்கள் அனுப்பிய அச்சு துரு நிறத்தில், அழிந்த இடம் உட்பட, மிக அழகாக வந்து சேர்ந்தது. பெரியவளின் விரல் தடத்தையும் சேர்த்தே நோட்டில் ஒட்டிவிட்டேன். உங்கள் கூழாங்கல் காளானுக்கும் சால மரத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. காளானின் நூல் போன்ற இழைகள் மர வேரைச் சுற்றிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் நீரும் சத்தும் கொண்டுவந்து கொடுக்கும். மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். ஒன்றை விட்டு ஒன்று பிழைக்காது, அதனால்தான் வேறு மரத்தடியில் வருவதில்லை.

காடு இருக்கிற ஊரில்தான் இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். நம் வறண்ட மேட்டுக்காட்டு நிலத்தில் ஐந்து வாரத்தில் இருபத்து மூன்று வகை பார்த்துவிட்டேன். சேகோ ஆலைக்குப் பின்னால் கொட்டும் மரவள்ளிக் கிழங்குத் திப்பிக் குவியலில் காலையில் வெள்ளைக் குடைகள்; மத்தியானத்துக்குள் உருகிக் கறுப்பு மையாகச் சொட்டுகின்றன. இந்தப் பத்தியை அந்த மையைத் தொட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் வாடை வந்தால் மன்னிக்கவும். மாட்டுத்தொழுவத்துப் பழைய சாணியில் சுண்டு விரல் நகத்தளவு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து துவரம்பருப்பு போட்டு வைத்ததுபோல. மழைத்துளி கிண்ணத்தில் விழுந்தால் பருப்பு தெறித்துப்போய் வேறிடத்தில் முளைக்கும். ஏரிக்கரைக் கருவேல மரத்தில் முறம் போலத் தட்டுத் தட்டாக ஒன்று. பூஞ்சை என்றாலே முகம் சுளிக்கும் அத்தையின் அஞ்சறைப் பெட்டியில் கல்பாசி இருக்கிறது. அதுவும் ஒரு பூஞ்சை, பாசியோடு குடித்தனம் நடத்துகிற பூஞ்சை. அதை நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

நேற்றுக் குழாயடியில் பக்கத்துக் காட்டு நல்லம்மாள் பிடித்துக்கொண்டார். "என்னம்மிணி, மூணு வருசமாச்சு, இன்னுமா உம் மாமியா எடத்தைக் காட்டலை? தம்மம்பட்டிக்காரிய நம்பலையாட்டருக்குது." குடம் நிறைந்துவிட்டதைச் சாக்காக வைத்து வந்துவிட்டேன். என் பிறந்த ஊரைக் குத்திய அந்தச் சொல் வரும் வழியெல்லாம் கூடவே வந்தது. 'ஊடு' என்னாமல் 'வீடு' என்று நான் சொல்லும்போதெல்லாம் இங்கே யாராவது சிரிக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இது வேறு மாதிரி.

நீங்கள் இந்த வீட்டுப் பெண். உங்களுக்கு இடம் தெரிந்திருக்கும். இடத்தைச் சொல்ல வேண்டாம். எந்தத் திசை என்று மட்டும் சொன்னால் போதும்.

பதிலை எதிர்பார்த்து,
தீபிகா


பனமரத்துப்பட்டி
12.8.2024

அன்புள்ள நங்கைக்கு,

நலம், உங்கள் நலம் தெரியாமல் ஒரு மாதம் ஆகிவிட்டது. போனில் கேட்டால் அத்தையிடம் எல்லோரும் சுகம் என்கிறீர்கள், என்னிடம் கொடுப்பதற்குள் வைத்துவிடுகிறீர்கள். நான் கேட்டது தவறென்றால் கேட்காததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் அத்தை கூடையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தார். புற்றுக்காளான். கை நீளத்துக்கு வேர், நுனியில் ஆணி போன்ற மூக்கு. கூடத்தில் பரப்பி வைத்துவிட்டு, "நம்ம எடத்துலதான்" என்றார், கேட்காமலேயே. குழம்பு கொதிக்கிற வாசத்துக்கு நல்லம்மாள் மோர் கேட்கிற சாக்கில் வந்துவிட்டார். உங்கள் தம்பி பேசாமல் சாப்பிட்டார். அவர் பேசாமல் சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் கழுவும்போது பார்த்தேன். வேரில் ஒட்டியிருந்தது நல்ல செம்மண். நம் காடு முழுக்கச் சுக்கான் மண், வெள்ளை வெளேரென்று. அப்படியானால் அத்தையின் இடம் நம் காட்டிலேயே இல்லை. ஜருகுமலை அடிவாரத்தில்தான் அந்தச் சிவப்பு. அந்த முழங்காலோடு அத்தை அவ்வளவு தூரம் போகிறார், ஆனால் என்னைக் கூட்டிப் போகவில்லை.

எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
தீபிகா


பனமரத்துப்பட்டி
30.8.2024

அன்புள்ள நங்கைக்கு,

உங்கள் உறை சென்ற வாரம் கிடைத்தது. எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நானாக எண்ணிக்கொள்கிறேன், ஏனென்றால் உள்ளே ஒரு சொல்கூட இல்லை. வெள்ளைத் தாள் ஒன்று. திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் வெள்ளை.

உண்மையைச் சொல்கிறேன். 'உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதாகத்தான் புரிந்துகொண்டேன். மூன்று நாள் சோறு சரியாக இறங்கவில்லை. அத்தை சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

நான்காம் நாள் காலை, கிழித்துப் போட மனமில்லாமல் சன்னலோரம் பிரித்தேன். வெயில் சாய்வாக விழுந்தது. தாளில் ஒரு வட்டம் இருந்தது. மையத்திலிருந்து ஓரம் வரை நூறு நூறு கோடுகள், வெள்ளையின் மேல் வெள்ளை. அடியில் கறுப்பு ரவிக்கைத் துணியை வைத்து ஒரு ஓரத்தை மெல்லத் தட்டினேன், துணியில் மாவு போல உதிர்ந்தது. நங்கை, வெள்ளைத் தூள் விடும் காளானைக் கறுப்புத் தாளில் கவிழ்க்க வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். தவறு என்னுடையது. இவ்வளவு முழுமையான அச்சு என் நோட்டில் வேறு இல்லை.

அன்று மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். கஷாயம் வேலை செய்துவிட்டதாக அத்தைக்குப் பெருமை.

ஆனாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தீபிகா


ஜகதல்பூர்
10.9.2024

அம்மிணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் நலம். எழுதாததற்கு விரல் காரணமில்லை.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. தெரிந்துகொண்டே என் வாயைக் கிண்டுகிறாள் என்று நினைத்தேன். நீ வந்த முதல் வருஷமே அம்மா உன்னைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கும் என்றுதான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை நினைத்து இங்கே உட்கார்ந்து வயிறெரிந்தேன். சொல்வதற்கு வெட்கம்தான். ஏன் தெரியுமா? எனக்கு அந்த இடம் தெரியாது.

பெண் பிள்ளைகளுக்குக் காட்டமாட்டார்கள் அம்மிணி. நாங்கள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்கள். எங்களோடு இடமும் போய்விடுமாம். சின்ன வயதில் காளான் நாளில் அம்மா என்னைக் கிணற்று மேட்டு வேம்படியில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கும். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். நான் எண்ண ஆரம்பிப்பேன். நூற்றைம்பதைத் தாண்டியதில்லை, அதற்குள் மடி நிறையக் கொண்டு வந்துவிடும். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணமாகி வந்தபின் இங்கே எல்லோரிடமும் எனக்கு இடம் தெரியும் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். உன் அண்ணனிடமும்தான்.

போன மாதம் இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. டம்ளருக்கு அடியில் ஒன்றுமே விழவில்லை என்று நினைத்தேன், நீ கேட்டாயே என்று அந்தத் தாளை மட்டும் மடித்துப் போட்டேன். அதில் கோலம் இருந்தது என்று நீ எழுதியதைப் படித்து அடுப்படியில் நின்று சிரித்தேன்.

நீ நன்றாகச் சாப்பிடு.

கலைமணி


பனமரத்துப்பட்டி
29.9.2024

அன்பு நங்கை,

இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். நாம் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் மூன்று வருஷம் வயிறெரிந்திருக்கிறோம். வேறு யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் எனக்கு.

போன சந்தைக்கு நான் போனேன். அத்தையின் பனையோலைக் கூடையை எடுத்துக்கொண்டேன், நீல நாடா வைத்துக் கட்டியதே, அது. சந்தைக் கடைசியில் ஒரு அம்மா தேக்கிலையில் புற்றுக்காளான் வைத்திருந்தார். பெயர் ராமாயி, ஜருகுமலைக்காரர். என் கையில் இருந்த கூடையைப் பார்த்ததும் சிரித்தார். "பெரியம்மா வரலீங்களா? அவீங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறனுங்க. வேரோட குடு, மண்ண உதுக்காத குடும்பாங்க" என்றார். போன வருஷமும் இந்த வருஷமும் அத்தை அவரிடம்தான் வாங்கியிருக்கிறார்.

சந்தையிலிருந்து நடந்து வரும்போது ஒவ்வொன்றாகக் கூடி வந்தது. செம்மண் அதனால்தான். ஆனால் நீங்கள் நூற்றைம்பது எண்ணுவதற்குள் அத்தை திரும்பியிருக்கிறார். அப்படியானால் உண்மையான இடம் வேம்படிக்கு வெகு அருகில். நான் நேராகக் கிணற்று மேட்டுக்குப் போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். ஏரிக்கு முதுகு காட்டி நடந்தால் ஐம்பதாவது எண்ணில் எங்கே நிற்கிறேன் தெரியுமா? புற்றுக்கோயிலில். தகரக் கூரை, சுற்றிலும் டைல்ஸ் தளம். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின மாதம், உங்கள் தம்பிக்குப் பெண் அமைந்தால் செய்வதாக வேண்டிக்கொண்டு அத்தை கட்டியது.

கறையானும் ஒரு சம்சாரிதான். இலையும் சருகும் தின்று, புற்றுக்குள் தோட்டம் போட்டு, அதில் ஒரே ஒரு வகைப் பூஞ்சையைப் பயிர் செய்து, அதைத் தின்று வாழ்கிறது. மண் நனைந்து குளிரும் நாளில் அந்தத் தோட்டத்திலிருந்துதான் காளான் மண்ணைக் குத்திக்கொண்டு மேலே வரும். மேலே வர மண் வேண்டும். இப்போது சிமெண்ட் இருக்கிறது.

அத்தை எனக்கு ஏன் காட்டவில்லை என்று கேட்டேனே. எதைக் காட்டுவார்? காட்டினால் ஏன் நின்றுபோயிற்று என்றும் சொல்ல வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்ததால் நின்றுபோயிற்று. அதை என் காதில் போடாமல் இருப்பதற்காக இரண்டு வருஷமாக மண் உதிராமல் காளான் வாங்கி, தலைப்பால் மூடிக் கொண்டு வருகிறார்.

எனக்குத் தெரிந்ததை நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் தளத்தின் ஓரத்தில் புதிதாக ஈர மண் பூச்சு பார்த்தேன். கீழே கறையான் உயிரோடு இருக்கிறது.

அன்புடன்,
தீபிகா


ஜகதல்பூர்
9.10.2024

அம்மிணி,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, இதை முதலில் படி. உன்னால் நின்றுபோகவில்லை. என்னால்.

அம்மாவின் வேண்டுதல் கூரை மட்டும்தான். டைல்ஸ் நான் போட்டது. ஒரே தம்பிக்குக் கல்யாணம், என் பங்குக்கும் இருக்கட்டும் என்று மயில் படம் போட்டதாகப் பார்த்து, இங்கிருந்தே போனில் கடைக்காரனிடம் சொல்லி இறக்கினேன். அம்மா வேண்டாம் என்றது. "மண்ணு மண்ணாவே இருக்கட்டும் சாமி" என்று நாலு தடவை சொன்னது. ஏன் என்று கேட்டேன், காரணம் சொல்லவில்லை. மகள் செலவு செய்கிறாளே என்று தயங்குகிறது என நினைத்து, கொத்தனாரை நானே வரச் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லும் அது? சொன்னால் எனக்கு இடம் தெரிந்துவிடுமே. எனக்குத் தெரியக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, தன் கண் முன்னாலேயே நான் சிமெண்ட் போட வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் வீடியோவில் பார்த்து, மயில் நேராக இல்லை என்று கொத்தனாரைத் திட்டினேன்.

இதை நினைத்தால் அழுகை வரவில்லை அம்மிணி, சிரிப்புத்தான் வருகிறது. பிறகு கொஞ்சம் அழுகையும்.

நீ படித்தவள். சாமிக் குற்றம் ஆகாமல் ஏதாவது செய்ய முடியுமா? இல்லாவிட்டால் அடுத்த ஆடிக்கும் அம்மா சந்தைக்கு நடக்கும்.

இங்கே அனைவரும் நலம். அதையும் எழுதிவிட்டேன்.

கலைமணி


பனமரத்துப்பட்டி
24.10.2024

அன்பு நங்கை,

அனைவரும் நலம், நலத்துக்கும் மேலே. தீபாவளிப் பலகாரம் பாதி ஆகிவிட்டது. அதில் பாதி உங்கள் தம்பிக்குள் போய்விட்டது. அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக டின்னில் எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு விடியலும் தொழுவத்துக்குப் போகிற வழியில் புற்றுக்கோயிலைச் சுற்றிவிட்டு வந்தேன். போன வாரம் இரண்டு நாள் இடியோடு மழை. அத்தையின் கூரை இருக்கிறதே, அதன் தண்ணீர் முழுவதும் மேற்குப் பக்கம் தளத்தைத் தாண்டி ஒரே கோட்டில் சொட்டுகிறது. மூன்று வருஷமாக அங்கே மண் மட்டும் எப்போதும் பதமாக ஊறியிருக்கிறது.

முந்தாநாள் காலை அந்தக் கோட்டில் நின்றன. முதலில் ஏதோ துணி கிடக்கிறது என்று நினைத்தேன். முப்பது, நாற்பது. சில மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு, சில பாதி விரிந்து, சில உள்ளங்கை அளவு விரிந்து விளிம்பு கிழிந்து. கறையான்கள் சிமெண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரம் இருந்த பக்கமாகத் தோட்டத்தை நீட்டியிருக்கின்றன. உங்களுக்கு இன்னொரு செய்தி: ஒரே ஒரு காளான் மட்டும் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் ஓர டைல்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிறது. மயிலின் கழுத்து. இப்போது மயில் நேராக இல்லை.

நான் எத்தனை முறை சுற்றி வந்தேன் என்று தெரியாது. எண்ணினேன், மோந்து பார்த்தேன், மண்டியிட்டு ஒன்றின் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். மடி நிறையப் பறித்துக்கொண்டு போய் அத்தை முன்னால் கொட்டலாம் என்று ஒரு கணம் கை போனது. நல்லம்மாள் வீட்டு வழியாகவே போகலாம் என்றும் தோன்றியது. பிறகு நினைத்தேன்: நான் கேட்டது காளானை அல்ல.

ஒன்றையும் தொடாமல் வீட்டுக்கு வந்தேன். அத்தை காபி குடித்துக்கொண்டிருந்தார். மழை ஓய்ந்துவிட்டது, புற்றுக்கு மஞ்சள் வைத்து நாளாயிற்றே, போய் வரலாமா என்று கேட்டேன். இந்த முழங்காலோடா என்றார். மஞ்சள் வைத்த கூடையை எடுத்துக்கொண்டு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

கோயிலுக்கு மேற்கே திரும்பியதும் அத்தையின் கை என் தோளிலிருந்து விலகிவிட்டது. முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை, நான்கே எட்டில் போய் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, அதிகாரமாக, கொஞ்சம் மூச்சிரைத்துக்கொண்டே சொன்னார்:

"இங்கதான் அம்மிணி. இதுதான் எடம். ஆருகிட்டயும் சொல்லீராத."

நான் முதல் முறை பார்ப்பவள்போல வாயில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பது கஷ்டமாக இல்லை. அவர் காட்டிப் பார்ப்பது முதல் முறைதானே. முழுக்க விரிந்ததை மட்டும் பறி, மூக்கு நீட்டியதை நாளைக்கு விடு, வேரை இழுக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் சரிங்கத்தை என்றேன். அத்தைக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். இதை உங்களிடம் மட்டும் எழுதுகிறேன்.

வரும் வழியில் நல்லம்மாள் வாசலில் நின்றிருந்தார். அத்தை கூடையை மூடவில்லை.

அன்புடன்,
தீபிகா

கூட வைத்திருக்கும் தாளில் இளஞ்சிவப்பு அச்சு இருக்கும். அது நம் காளான்.


பனமரத்துப்பட்டி
3.11.2024

கலைமணிக்கு அம்மா சாலம்மாள் சொல்லச் சொல்ல, தம்பி பொண்டாட்டி எழுதறது.

நான் நல்லாருக்கறன் சாமி. முட்டிக்கு எண்ணெய் போடறா. நீயி, மாப்ள, புள்ளைங்கெல்லாம் சுகமா? தீவாளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சீங்களா? இத்தன நாளு போன்ல பேசுனது போதும், இதை எழுதித்தான் போடோணும்னு சொன்னேன். பேசினா நாலு பேரு கேக்கறாங்க.

எங்க மாமியா எனக்கு எடத்தைக் காட்டறப்ப, பொண்ணு பொறந்தா சொல்லீராதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நானும் சொல்லாமயே இருந்துட்டன். நீ ஆட்டைப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமா திரும்பி நிப்ப. திரும்பிப் பாரு, திரும்பிப் பாருன்னு நானே மனசுக்குள்ள சொல்லிக்குவன். நீ பாக்கவே இல்லை, சொன்ன பேச்சுக் கேக்கற புள்ளை. சொல்லியிருந்தா அந்த டைல்ஸைப் போட்டிருக்கமாட்ட. தப்பு எம்மேல. அதனால இப்பச் சொல்றன், கேட்டுக்க.

கெணத்து மேட்டு வேம்புல இருந்து நேரா புத்துக்கோயலு. கூரைத் தண்ணி சொட்டற மேக்குப் பக்கம், தளத்தைத் தாண்டி ஒரு சாண். நல்லா இடி இடிச்சு மழை பேஞ்சு நாலாம் நாளு, அஞ்சாம் நாளு போ. வெயிலு ஏறுனாப் புழு உழுந்துரும். இதுதான் எடம். அடுத்த ஆடிக்கு வா, மூணு பேரும் போலாம். மயிலு கழுத்து தூக்கிக்கிட்டு நிக்குது, அதைச் சரி பண்ண வேண்டாம்னுட்டன்.

இன்னொண்ணு. அன்னிக்கு நானு எடத்தைக் காட்டறப்ப இவ புதுசாப் பாக்கற மாதர வாயில கை வெச்சுக்கிட்டு நின்னா பாரு, அப்படி நடிக்கறதுக்கு எங்கதான் படிச்சாளோ. நானு போறதுக்கு முன்னாலயே ஈர மண்ணுல இவ செருப்புத் தடம் காளானச் சுத்திச் சுத்திக் கெடக்குது, மண்டி போட்ட எடங்கூட ரெண்டு குழியாட்டத் தெரியுது. ஒண்ணையும் பறிக்காம வந்து என்னக் கூப்புட்டிருக்கறா. நானும் கண்டுக்கலை, அந்தத் தடத்து மேலயே காலை வெச்சு நின்னுக்கிட்டன். இதையும் எழுதம்மிணிங்கறன், பேனாவை வெச்சுப்போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டுச் சிரிக்கறா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உட்டாலும் உட்டுருவா. எழுதியிருக்கறாளா இல்லையான்னு நீ படிச்சுப் பாத்துட்டு எனக்குச் சொல்லு.

சொன்னது: சாலம்மாள்
ஒன்றும் விடாமல் எழுதியது: தீபிகா